தோளில் கக்கிய பால்

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்து குளித்து, தொழுகைக்கு நிற்கப் போன முதல் நாளே என் தலைமகன் என் தோளில் பால் கக்கினான். வயிற்றுக்குள் போய்த் திரும்பிய பால் பட்ட துணியோடு தொழக்கூடாது என்று எனக்கு ஓதக் கற்றுத் தந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். வேறு துணி மாற்றி வருவதற்குள் பசித்து அழுதான். கொடுத்தேன். அதிலும் கக்கினான். நாற்பது நாளும் ஏங்கிக் காத்திருந்த தொழுகை அன்று கடைசி நேரத்தில், ஈரத் தலையோடு, அவசர அவசரமாக முடிந்தது.

பிறகு தினமும் அதே கதைதான். தொழுகைக்கென்று வைத்திருந்தவை இரண்டே வெள்ளைத் துணிகள். கோடையில் கிணறு வற்றிப் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் சுமந்த காலம் அது. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் கக்கல் துணி அலசினால் யாருக்குத்தான் கோபம் வராது?

"இன்னா புள்ள, மறுபடியுமா?" என்பார் மாமியார்.

"ஆமா மாமி."

"உன் பாலு அவனுக்கு ஒத்துக்கல. நான் சொன்னா நீ எங்க கேக்குற?"

"நல்லாத்தானே குடிக்கிறான் மாமி."

"குடிக்கிறான். குடிச்சுட்டுத் தரைக்கில்ல குடுத்துடறான்! பாரு, தரைதான் ஜாஸ்தி கொழுத்திருக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வியாழக்கிழமை, மறுநாளிலிருந்து குழந்தைக்கு ஆட்டுப் பால்தான் என்று மாமி முடிவு சொன்னார். ஒரு முழம் மல்லிகையும் வாங்கி என் மடியில் போட்டார். தலைக்கு அல்ல. மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிப் போகுமாம். கணவர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து, ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கலந்த வாடையோடு வந்தார். அவரிடம் அழுதேன்.

"அம்மா சொல்றாங்கல்ல? ரெண்டு நாளு குடுத்துத்தான் பாரேன். பேஜார் பண்ணாத."

"ரெண்டு நாள்ல என் பாலு வத்திடுமே! அப்பறம் யாரு குடுப்பா?"

அவர் குளிக்கப் போய்விட்டார். யா அல்லாஹ், நீ கொடுத்த பாலை இவர்கள் பூ வைத்து வற்றச் செய்கிறார்களே என்று உள்ளுக்குள் கதறினேன். ஆனால் பூவை மார்பில் கட்டவில்லை. குடத்தின் மேல் ஈரத்துணியில் சுற்றி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், அஸர் தொழுகை நேரம். மாமி காய்ச்சி ஆற்றிய ஆட்டுப் பாலைப் பாலாடையில் ஊற்றினார். மகன் சப்புக்கொட்டிக் குடித்தான். எனக்குப் பால் கட்டி நெஞ்சு வலித்தது, ரவிக்கை நனைந்தது.

"பாத்தியா? ஒரு சொட்டு வெளிய வரல" என்றார் மாமி. அவனைத் தோளில் சாய்த்தபடியே தம் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்தினார். தொழப் போகும் முன் அவனைக் கீழே கிடத்தக் குனிந்தார். அவ்வளவுதான். தயிர் போலத் திரிந்த பால், கழுத்திலிருந்து இடுப்பு வரை.

மாமி துப்பட்டியைக் குனிந்து பார்த்தார்.  நான் வாய் திறந்திருந்தால் இரண்டு மாதத்து ஆத்திரமும் கொட்டியிருக்கும்.

"ஆட்டுப் பாலு சூடு" என்றார் கடைசியில், ஏதோ நான்தான் கொடுக்கச் சொன்னதுபோல. "பச்சப் புள்ளைக்குத் தாய்ப்பாலுதான் குடுக்கணும். இன்னா பாத்துகினு நிக்கிற? வாங்கு அவன!"

வாங்கினேன். பால் கொடுத்தேன். அவன் குடித்து முடித்ததும் மாமியிடமே நீட்டினேன். துப்பட்டி எப்படியும் கெட்டுப் போயிற்று. மறுப்புச் சொல்லாமல் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தார். என் வெள்ளைத் துணி காய்ந்து சுத்தமாக இருந்தது. நின்று நிதானமாகத் தொழுதேன்.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியபோது முற்றத்திலிருந்து குரல் வந்தது.

"கக்கிட்டான் புள்ள. கொஞ்சந்தான்."

அவன் எழுந்து நடக்கும்வரை கக்கிக்கொண்டேதான் இருந்தான். நாங்கள் இருவரும் மாறி மாறித் தோள் கொடுத்து, மாறி மாறித் தொழுதோம். குடத்தின் மேல் வைத்திருந்த மல்லிகையை அந்த வெள்ளிக்கிழமையே தலையில் வைத்துக்கொண்டேன். மாமி பார்த்தார். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.