சாப்பிட்ட வீடு

சுருளிப்பட்டியிலிருந்து கம்பம் போகிற ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மழை விட்டு வெயில் ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள். அடியிலிருந்து புளித்த வாடை வந்தது. பஸ் ஒன்று பக்கத்தில் நின்று ஹாரன் அடித்தது. ஏறவில்லை. திரும்பினால் அக்காவின் தோட்டத்துத் தகரக்கூரை தெரியும். அதனால் திரும்பவும் இல்லை.

அக்கா எனக்கு உறவில்லை. குத்தகைத் தோட்டத்தில் பன்னீர் திராட்சை போட்டிருந்தவர். வீட்டுக்காரருக்குக் கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை. இந்த முறை வெட்டுகிற பழம் கைகொடுத்தால்தான் அடுத்த வருடமும் தோட்டம் அவர்களிடம் இருக்கும். முதல் நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அதைச் சொன்னார்.

நான் அப்போது ஒரு பழ வியாபாரியிடம் ஆளாக இருந்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்டு, திருப்பூர், கோட்டயம் என்று சுற்றி வந்து சேர்ந்த இடம். அவர் சொல்லிக்கொடுத்த தொழில் இவ்வளவுதான்: "போனதும் வெலை பேசாத. தண்ணி கேளு. சாப்பிடச் சொன்னா சாப்பிடு. அதுக்கப்புறம் நீ என்ன சொன்னாலும் கேப்பாக."

அப்படியே நடந்தது. நான் சாப்பிட்ட மறுநாள் அக்கா எங்களிடம் முன்பணம் வாங்கினார். ஒருவர் முன்பணம் கொடுத்த பந்தலுக்குள் இன்னொரு வியாபாரி கால் வைக்க மாட்டார். விலை ஏறினால் எங்கள் வண்டி வரும். இறங்கினால் வராது. பழம் காத்துக்கிடக்கும்.

இரண்டு முறை, "நாளைக்கு வண்டி வந்துரும்க்கா" என்று நம்பித்தான் சொன்னேன். வரவில்லை. மூன்றாம் முறை பந்தலடியில் நின்று முதலாளிக்குப் போன் போட்டேன்.

"வெலை விழுந்துருச்சுடா. வண்டி வராது."

"அப்ப அந்தக்காட்ட என்ன சொல்ல?"

"வருதுன்னு சொல்லு. நீ சாப்ட்ட வீடுல்ல, நம்புவாக." சிரித்துவிட்டு வைத்தார்.

உள்ளே மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அக்கா முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து அன்றைக்கே வேறு வியாபாரியைப் பிடித்துவிடுவார். எனக்கு அந்த வீட்டுக்கு வர வேலை இருக்காது. "நாளைக்கு வருதுக்கா" என்றேன். தட்டு வைத்தார். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் போனபோது குலை குலையாகப் பழம் வெடித்து, ஈ மொய்த்தது. அக்கா கூடையோடு பந்தலடியில் நின்றார்.

"வாடா. வண்டி வந்துருச்சா?"

"இல்லக்கா."

"அது வராதுன்னு ஒனக்கு அன்னைக்கே தெரியும்ல?"

நான் ஒரு குலையிலிருந்த ஈயை விரட்டினேன்.

"ஒங்க மொதலாளிய நான் என்னைக்கும் நம்பலடா. அந்தாளு வந்தா எங்க நாய்கூட எந்திரிச்சு அங்குட்டுப் போயிரும். நீ சொன்னியேன்னுதான் இருந்தேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் பாதியில் நின்றார். "சாப்ட்டியா?" என்று கேட்டார். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

எனக்குப் பசித்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகுதான் நடக்க ஆரம்பித்தேன்.

முதலாளியிடம் போகவில்லை. போனை அணைத்து வைத்தேன். கம்பம் பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்த காலையில், ஒரு தோட்டக்காரர் பைக்கில் வந்து ஆள் தேடினார். மழையில் வெடித்த பழங்களைக் குலையிலிருந்து ஒவ்வொன்றாக நறுக்கி எடுக்க வேண்டும். விட்டால் நல்ல பழமும் அழுகிவிடும்.

"சாயங்காலம் வரைக்கும் வேலை. மத்தியானம் நம்ம வீட்லயே சோறு" என்றார்.

"வேணாம்ணே. சோறு கட்டிட்டு வந்துருக்கேன்."

என் பையில் இரண்டு சட்டைகள்தான் இருந்தன. அவர் கொடுத்த கத்தரியை வாங்கிக்கொண்டு பந்தலுக்குள் குனிந்து நுழைந்தேன்.