ஒரு வாய்த் தண்ணீருக்காகச் சொன்ன பொய்

போன வருடம் தை மாதம் நடந்தது இது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் வீடு. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலை மும்முரமாக இருந்ததால், வயிற்றுவலியை இரண்டு நாள் கஷாயம் குடித்தே ஓட்டினேன். மூன்றாம் நாள் நிமிரவே முடியவில்லை. என் கணவர் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது என்றார்கள். அன்றே ஆபரேஷன்.

கண் விழித்ததிலிருந்து தாகம்தான். காற்று பிரியும்வரை சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நர்ஸம்மா காலையும் மாலையும் வந்து, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "இன்னாம்மா, காத்து பிரிஞ்சுதா?" என்பார். மற்ற நோயாளிகளைப் பார்க்க வந்த ஆண்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றும்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை, தாகமும் கூச்சமும் சேர்ந்து என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டன. "பிரிஞ்சுதுங்க" என்றேன். நர்ஸம்மா குறித்துக்கொண்டு, வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார். என் கணவர் சந்தோஷமாகப் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடினார்.

டம்ளர் என் உதட்டுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண், "அண்ணா, குடுக்காதீங்க! அக்கா பொய் சொல்லுது" என்றாள். சங்கராபுரம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள்.

"உனக்கு இன்னா தெரியும்? உன் வேலையப் பாரு" என்று சீறினேன். அவள் அசரவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். குடல் இன்னும் அசையவே ஆரம்பிக்கவில்லையாம். குடித்திருந்தால் வாந்தியாகி, இருமி முக்கி, தையலே விட்டுப்போயிருக்கலாம் என்றார். என் கணவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் போன பிறகு அவளிடம், "எப்பிடிம்மா கண்டுபுடிச்ச?" என்று கேட்டேன்.

"நானும் இதே பொய்யதான்க்கா சொன்னேன். ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டேன். வாந்தி எடுத்துக்கினே கெடந்தேன், தையலு வுட்டுப்போச்சு. ரெண்டாந்தபா ஆபரேஷன் பண்ணி, வந்து இருவது நாளாவுது. எம் புள்ள மொகத்தகூட பாக்கல."

எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று முழுக்க அவள்தான் என்னை விரட்டி விரட்டி நடக்கவைத்தாள். ஒரு கையால் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் மத்தியானம், பார்வையாளர்கள் நிறைந்திருந்த நேரத்தில், வார்டுக்கே கேட்கும்படி காற்று பிரிந்தது. "நர்ஸம்மா, இது நெசம்!" என்று அவள் கத்தியதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தையல் வலிக்க வலிக்க நானும் சிரித்தேன். என் கணவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு நாள் கழித்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலையேறும்போது, வளைவுக்கு வளைவு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும்தான் பிழைத்துவிட்டோம் என்பது மனசில் உறைத்தது. வீட்டு வாசலில் இறங்கி, யாரும் பிடிக்காமல் நானே உள்ளே நடந்துபோனேன்.

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. "வூட்டுக்கு வந்துட்டேன்க்கா. புள்ள மடியவுட்டு எறங்க மாட்டேங்குது" என்றாள். பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது. அன்றுதான் எனக்கு முழு நிம்மதி.

எனக்கென்ன என்று அவள் சும்மா இருந்திருக்கலாம். நான் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று வாயைத் திறந்தாளே, அந்தத் தைரியம் எனக்கு இருந்திருக்குமா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.