மெக்கானிக் போட்ட பதில்

லிப்ட் மெக்கானிக் தன் வாழ்நாளில் யாரையும் மிரட்டியது ஒரே ஒரு தடவை. அதுவும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை. அவர் இப்போது இல்லை. அந்த மிரட்டல் மட்டும் யாருடைய போனிலாவது இன்னும் இருக்கலாம்.

மகளின் முகத்தைத் தவளை உடம்பில் ஒட்டி, வகுப்பு குரூப்பில் சுற்ற விட்டிருந்தார்கள். மகள் குளிக்கப் போயிருந்த நேரம். கூடத்தில் கிடந்த அவள் போனில் அதைப் பார்த்தவர், யோசிக்காமல் பதில் தட்டினார்: ‘நான் அவ அப்பா. எவன் இதைப் பண்ணினானோ அவன் கையை ஒடிப்பேன்.’

மகள் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் குரூப்பில் அந்தத் தவளைப் படத்தின் கைகளில் மாவுக்கட்டு ஏறிவிட்டது. அவள் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழிட்டாள்.

வீட்டுக்கு வந்திருந்த மச்சான் அவருடைய கருவிப் பையிலிருந்து சின்னக் கடப்பாரையை உருவினான். “மாமா, கதவை நெம்பிட்டு போனைப் புடுங்குவோம். எல்லாத்தையும் அழிச்சுட்டா தீந்துது.”

“சும்மா இருடா,” என்றாள் மனைவி. “ஏங்க, லிப்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட மணிக்கணக்கா பேசுவீங்களே. பெத்த பொண்ணுகிட்ட வாய் வரலையா?”

அவர் கதவோரம் தரையில் உட்கார்ந்தார். லிப்டுக்குள் கத்துகிறவர்களைப் பற்றி அவர் என்றுமே கவலைப்பட்டதில்லை. சத்தமே வராவிட்டால்தான் பயப்படுவார். இப்போது உள்ளே சத்தமே இல்லை.

“அம்மு, திட்டவாவது செய்டி.”

உள்ளிருந்து குரல் வந்தது: “போங்கப்பா. உங்களாலதான் இன்னும் மோசமாச்சு.”

மூச்சு வந்தது அவருக்கு. “ஆமாம்மா. உன்னைக் கேக்காம உன் போன்ல கை வச்சேன். தப்புதான்.”

“பொண்ணுகிட்ட மன்னிப்பா?” என்று முனகினான் மச்சான்.

“நீ போய் டீ போடு.” கதவுப் பக்கம் திரும்பினார். “கட்டு எந்தக் கைக்குப் போட்டிருக்காங்க?”

“ரெண்டுக்கும்.” அழுகையா சிரிப்பா, தெரியவில்லை. “எல்லாத்தையும் அழிக்கப் போறேன்.”

“அழிக்காதே. டீச்சர்கிட்ட காட்ட அது ஒண்ணுதான் இருக்கு. முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. அப்புறம் அவங்களை பிளாக் பண்ணலாம்.”

“போனைப் புடுங்கிப்பீங்க.”

“மாட்டேன்.”

“ஸ்கூல்ல வந்து கத்துவீங்க.”

“நீயே பேசு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். நீ சொன்னாத்தான் வாயைத் திறப்பேன்.”

தாழ்ப்பாள் விலகியது. “நீங்க தொடக் கூடாது,” என்று சொல்லிப் பக்கத்தில் அமர்ந்தாள். அவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். அவள் விரலால் தள்ளத் தள்ளப் படித்தார். ஓரிடத்தை மட்டும் அவசரமாகத் தாண்டினாள். அவர் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளே அந்த இடத்துக்குத் திரும்பினாள். ‘நீ செத்தாகூட யாரும் தேட மாட்டாங்க.’ எழுதியது அவளுடைய நெருங்கிய தோழி.

அவருடைய கைகள் முழங்காலை இறுக்கின. வாயைத் திறக்கவில்லை.

“இதையும் எடுக்கணுமாப்பா?”

“எடும்மா.”

எடுத்தாள். எடுத்துவிட்டு அவர் தோளில் சாய்ந்தாள்.