பதினொரு குமிழும் ஒரு சஹானாவும்

என் கிடார் ஆம்ப்ளிஃபயரில், சுருக்கமாக ஆம்ப்பில், பதினொரு குமிழ்கள் இருக்கின்றன. ஐந்து ஸ்விட்சுகள் தனி. இவற்றில் எதைத் திருப்பினாலும் கிடாரின் சத்தம் மாறும். எப்படி மாறினாலும் நன்றாகவே இருக்கும். பிராணனை வாங்குவது இதுதான். கெட்ட சத்தம் ஒன்று வந்தால் மனுஷன் அதை ஒதுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இந்தப் பெட்டிக்கு அந்த நல்ல குணம் கிடையாது.

கடையில் அடுக்கிவைத்து விற்கிற சரக்கில்லை இது. வெளிநாட்டில் ஒரே ஒரு ஆள் தன் பட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியையும் கையால் பற்றவைத்துச் செய்கிற வால்வு ஆம்ப். பழைய ரேடியோவின் முதுகுப் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்குமே கண்ணாடிக் குழல், அதே வால்வுதான். ஸ்விட்சைப் போட்டு அது சூடாகும்வரை காத்திருந்து, அப்புறம் வாசிக்க வேண்டும். நம்மூர் கரண்டை நம்ப முடியாது என்பதால் பக்கத்திலேயே ஒரு ஸ்டெபிலைசர். அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். ஆம்ப் கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வந்த வாரமே செய்தவருக்கு மெயில் அனுப்பினேன், எந்தக் குமிழை எங்கே வைத்தால் நல்லது என்று கேட்டு. ‘உங்கள் காது என்ன சொல்கிறதோ அப்படி வையுங்கள்’ என்று பதில் வந்தது. வயிறு எரிந்தது. என் காது ஏதாவது சொல்லியிருந்தால் இந்த ஆளை நான் ஏன் கேட்கப்போகிறேன்?

நாங்கள் இருப்பது கிழக்கேகோட்டையில் ஓர் அக்கிரகாரத் தெரு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் இருமுவார்கள். ஆகவே நான் வாங்கியிருக்கும் வஸ்து என்னவென்று முதல் நாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ரெண்டு வீடு தள்ளியிருக்கும் தெருச் சங்கத்துச் செயலாளர், ரிட்டையர் ஆன இன்ஜினியர், அதற்கு மிக்ஸி என்று பெயர் வைத்தார். வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “ஓய், உங்காத்து மிக்ஸி இன்னும் ரிப்பேர் ஆகலையோ?” என்பார். மூன்று வருஷமாக அதே கேள்வி. சிரிப்பும் அதே சிரிப்பு.

ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவன் நான். காலேஜ் நாளிலிருந்து கிடார் வாசிக்கிறேன். சஹானா ராகத்தில் சொந்தமாக ஒரு மெட்டுக் கட்டி வைத்திருந்தேன். மூன்று பாகம். ஆபீசில் சாப்பாட்டு இடைவேளையில் வெறும் கிடாரில் வாசித்து வாசித்துக் கட்டியது. முதல் பாகத்தின் கடைசியில் ரிஷபத்தில் வந்து நிற்க வேண்டும். சும்மா நிற்பதில்லை, பாடுகிறவர் மூச்சுப் பிடித்து நிற்கிற மாதிரி, நடுங்காமல், தேயாமல் நிற்க வேண்டும். வெறும் கிடாரில் அந்தச் சுரம் ரெண்டு எண்ணுவதற்குள் செத்துவிடும். நல்ல வால்வு ஆம்ப்பில்தான் அது உயிரோடு இருக்கும். அதற்காகத்தான் இத்தனை கூத்தும்.

நவராத்திரிக்கு எங்கள் தெரு மடத்தில் ஒன்பது நாளும் கச்சேரி உண்டு. பத்தாம் நாள் விஜயதசமி சாயங்காலம் தெருக்காரர்களே பாடுவார்கள், வாசிப்பார்கள். அதில் பதினைந்து நிமிஷம் கொடுங்கள் என்று மூன்று வருஷம் கேட்டேன். மூன்று வருஷமும் செயலாளர், “வயசானவா வர்ற எடம், ஓய்” என்று முடித்துவிட்டார். போன வருஷ நவராத்திரி முடிந்ததும் என் மனைவியே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினாள். “மாமா, நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். சத்தம் ஜாஸ்தியானா நானே ப்ளக்கைப் பிடுங்கிடறேன். எனக்காக ஒரு தடவை கொடுங்கோ” என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்காக இந்த வருஷம் கொடுத்தார். இந்த ஒரு தடவை சொதப்பினால் இந்தத் தெருவில் சாகும்வரை நான் மிக்ஸிக்காரன்தான்; போதாததற்கு அவள் வாக்கும் போய்விடும்.

மலையாளக் கணக்கில் கும்ப மாசத்தில், அதாவது மாசியில், தொடங்கினேன். தினமும் ஆபீஸ் விட்டு வந்து ஒன்றரை மணி நேரம். முதல் பாகம் வாசிப்பேன், ரிஷபத்தில் நிற்பேன், நிற்பது சரியில்லை என்று தோன்றும், ஒரு குமிழைத் திருப்புவேன், முதலிலிருந்து வாசிப்பேன். சில நாள் சத்தம் பட்டு மாதிரி வரும். போனில் குமிழ்களைப் படம் எடுத்து ‘இறுதி’ என்று பெயர் கொடுப்பேன். மறுநாள் கேட்டால் அது பட்டு இல்லை, சாக்கு. ‘இறுதி’ என்று மட்டும் நாற்பது படத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. எட்டு மாசம் இப்படிப் போயிற்று. அடுக்களையில் அவள் காய் நறுக்குவாள், குக்கர் வைப்பாள், போனில் தன் அக்காவோடு பேசுவாள். என் வாசிப்பைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

நவராத்திரி தொடங்குவதற்கு ரெண்டு நாள் முன்னால் கிடைத்தது. சத்தியமாகக் கிடைத்தது. ரிஷபம் போய் நின்றது, நின்றுகொண்டே இருந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. குமிழ்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திக்கில் கோணிக்கொண்டு நின்றன. படம் எடுக்கவில்லை. இனிமேல் கையே வைக்கப்போவதில்லை, படம் எதற்கு என்று ஒரு திமிர். ஒரு வெள்ளைக் காகிதத்தில் ‘தொடாதே’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் குமிழ்களின் குறுக்கே டேப் போட்டு ஒட்டினேன்.

அஷ்டமி அன்று மத்தியானம், மடத்தில் ஆம்ப்புக்கு வேண்டுமென்று நீள வயர் வாங்கச் சாலைக்கடை மார்க்கெட்டுக்குப் போனேன். கூட்டத்தில் இடிபட்டு, வயர் கிடைத்து, வீடு திரும்பும்போது விளக்கேற்றிவிட்டார்கள். கூடத்தில், எங்கள் ஊர் வழக்கப்படி அஷ்டமியிலேயே, சரஸ்வதி பூஜை வைத்தாகிவிட்டது. பலகையில் புத்தகங்கள், அவளுடைய சுருதிப்பெட்டி, சாய்த்துவைத்த என் கிடார். அதன் பக்கத்தில் என் ஆம்ப்! சக்கரம் வைத்த பெட்டியாதலால் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். மேலே முல்லைச் சரம். ‘தொடாதே’ காகிதத்தைக் காணோம். பதினொரு குமிழ்களும் ஒரே மாதிரி, நேராக நிமிர்ந்து, பள்ளிக்கூடத்து அசெம்ப்ளி போல நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“யார் இதைத் தொட்டது?”

“நான்தான். ஈரத்துணியால துடைச்சேன். எத்தனை தூசி தெரியுமோ!”

“குமிழை யார் திருப்பச் சொன்னா?”

“ஒண்ணொண்ணும் ஒவ்வொரு பக்கம் கோணிண்டு நின்னுது, பார்க்கச் சகிக்கலை. பூஜைக்கு வெக்கறச்சே நேரா இருக்கட்டுமேன்னு எல்லாத்தையும் ஒரே மாதிரி வெச்சேன்.” அடுக்களையில் டப்பாக்களின் பெயர்ச்சீட்டு எல்லாம் முன்பக்கம் பார்க்கும்படி அடுக்குகிறவள் அவள். எட்டு மாசமாக இந்தக் கோணல் அவள் கண்ணை உறுத்தியிருக்கும்போல.

“கிடாரை வெச்சா போறாதா? இந்தப் பெட்டியை எதுக்கு வெச்சே?”

“சத்தம் இதுலேந்துதானே வரது? இதை விட்டுட்டு அதை மட்டும் வெப்பாளோ?”

“தொடாதேன்னு பெரிசா எழுதி ஒட்டியிருந்தேனே, கண்ணு தெரியலையா?”

“தெரிஞ்சுது. ஸ்வாமி முன்னாடி தொடாதேன்னு எழுதி வெப்பாளோ யாராவது? கிழிச்சுப் போட்டுட்டேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். நினைவு இருக்கும்போதே குமிழ்களைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்று குனிந்தேன். “ஏன்னா!” என்று ஒரு கத்தல். “பூஜை வெச்சாச்சு. தசமி கார்த்தால எடுக்கறவரைக்கும் தொடப்படாது!” பூஜையில் வைத்த புத்தகத்தைப் படிக்கக் கூடாது, வாத்தியத்தை வாசிக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். சின்ன வயசில் கணக்குப் புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டு எத்தனை சந்தோஷப்பட்டிருக்கிறேன்! இப்போது அதே சட்டம் என் கழுத்தை அறுக்கிறது.

“எட்டு மாசம்! எட்டு மாச உழைப்பு ஒரு ஈரத்துணியில போச்சு! உன்னைச் சொல்லி என்ன? அந்தக் காகிதத்தை நம்பி வெளில போனேனே, என்னைச் சொல்லணும்!” என்று கத்தினேன்.

“மெதுவாப் பேசுங்கோ. அடுத்தாத்துக்குக் கேக்கும்” என்றாள்.

மறுநாள் நவமி முழுக்கக் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். ஆம்ப் முல்லைப்பூ சூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. படம் எடுத்திருந்தால் என்ன கேடு வந்திருக்கும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். நாற்பது படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதுவும் அது இல்லை. செயலாளர் வாசலில் நின்று, “என்ன ஓய், நாளைக்கு மிக்ஸி ரெடியோ?” என்று குரல் கொடுத்தார். என் வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் நாளைக்கு நிகழ்ச்சியே இருந்திருக்காது. “ரெடி மாமா” என்று அவள் உள்ளேயிருந்து சொன்னாள்.

தசமி காலையில் பூஜை எடுத்ததும் ஆம்ப்பை அறைக்கு உருட்டிப்போனேன். வால்வு சூடாகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முதல் பாகம் வாசித்தேன். ரிஷபம் செத்தது. ஒரு குமிழைத் திருப்பி மறுபடி வாசித்தேன்.

“அது இல்லை” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“எது இல்லை?”

“இது கர்க்கடகத்துச் சத்தம். மழையில துணி உலராம கூடத்துல கொடி கட்டியிருந்தோமே, அப்போ வாசிச்சது. உங்களுக்கு வேணுங்கறது நவராத்திரிக்கு முந்தி வந்தது அல்லே?”

எனக்குக் கோபமா ஆச்சரியமா என்று தெரியவில்லை. இன்னொரு குமிழைத் திருப்பினேன். “இது உங்க தங்கை வந்திருந்தப்போ உள்ளது. மூக்கடைச்சாப்ல இருக்கும்.” திருப்பினேன். “இப்போ பரவால்லை. ஆனா மேல கொஞ்சம் கரகரங்கறது.” திருப்பினேன். அரை மணி நேரம் இப்படி. நான் திருப்புவதும் அவள் அவல் நனைத்துக்கொண்டே வேண்டாம் என்பதுமாக. கடைசியில், “நில்லுங்கோ! இதான். இனிமே தொடாதேங்கோ” என்றாள். ரிஷபத்தை நிறுத்திப் பார்த்தேன். நின்றது. அதேதான். வாயைத் திறக்காமல் எட்டு மாசம் இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதை நினைக்க எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. இந்தத் தடவை படம் எடுத்துக்கொண்டேன்.

“இனி ஒருதரம் முழுக்க வாசிங்கோ, கேப்போம்” என்றாள். நேரமில்லை, சாயங்காலம் கேட்டுக்கோ என்றேன்.

மடத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். செயலாளர் முன்வரிசையில், காதில் வைக்கப் பஞ்சு கொண்டுவந்திருந்தார். எனக்குத் தெரியும்படி மடியில் வைத்திருந்தார். சொன்ன வாக்குப்படி என் மனைவி ஆம்ப்பை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள், ப்ளக் அவள் கைக்கு எட்டும் தூரத்தில். குமிழ்கள் பெட்டியின் மேல்பக்கம் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வால்வு சூடு வெளியேற ஒரு கம்பி வலை. நான் பக்கத்தில் நாற்காலியில்.

முதல் பாகம் நன்றாகவே போயிற்று. ரிஷபத்தில் வந்து நின்றேன். நின்றது. ஆனால் வீட்டு அறை வேறு, ஜனம் நிறைந்த மடம் வேறு. சத்தத்தை அத்தனை உடம்புகளும் குடித்துவிட்டன. துளி மங்கல். துளிதான், வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. என் கை தானாகக் குமிழுக்குப் போயிற்று.

அங்கே அவள் கை இருந்தது. உள்ளங்கையை விரித்துக் குமிழ்கள்மேல், கம்பி வலைமேல், அழுத்தி மூடியிருந்தாள். அத்தனை பேர் முன்னால். விரலை விலக்கப் பார்த்தேன், அசையவில்லை.

“வாசிங்கோ” என்றாள், உதடு அசையாமல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேறு வழியில்லாமல் ரெண்டாம் பாகத்துக்குள் போனேன். அங்கே போன பிறகுதான் எனக்கே உறைத்தது, ஆம்ப்போடு இந்த இடத்துக்கு நான் வந்ததே இல்லை என்று. எட்டு மாசத்தில் ஒரு நாள்கூட இல்லை. ரெண்டு இடத்தில் விரல் தடுமாறியது. சமாளித்தேன். மூன்றாம் பாகம் கீழே இறங்கி, இறங்கி, சட்ஜத்தில் வந்து நின்றது. அந்தச் சட்ஜம் இத்தனை நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அது தானாக அடங்கியது. அப்புறம் கை தட்டினார்கள்.

செயலாளர் பஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார். ஆம்ப்பைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். முனகிக்கொண்டிருந்த ஸ்டெபிலைசரிடம் குனிந்து காது கொடுத்தார். “ஓய், இத்தனை வருஷமா மிக்ஸி இதுதான்! பாவம், அந்தப் பெட்டியைச் சொல்லிட்டேன்” என்றார். இந்த மனுஷனிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்து ஆம்ப்பை அறையில் விட்டுவிட்டுப் பார்த்தால் அவளைக் காணோம். முற்றத்துக் குழாயில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளங்கையில் கம்பி வலையின் கட்டம் கட்டமாகச் சிவந்திருந்தது.

“சுட்டுதா?”

“சுடாம இருக்குமோ?”

“எடுத்திருக்கலாமே. அத்தனை நேரம் எதுக்கு வெச்சிண்டே?”

“எடுத்தா மறுபடியும் முதல்லேந்து ஆரம்பிப்பேள்.” கையைத் திருப்பித் தண்ணீரில் காட்டினாள். “எட்டு மாசமா பாதியிலேயே நிறுத்திடறேள். இது எங்க போய் முடியறதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமோ?”

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.