தொட்டிச் சுவரில் நுரை

வாஷ்பேசினில் காய்ந்து ஒட்டியிருந்த ஷேவிங் நுரையைத் துடைக்கப்போன கை இன்று தானாக நின்றது. கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்த, இப்போது குடோனாகிவிட்ட லைன் வீட்டுப் பொதுத் தொட்டியின் உள்சுவரில், ஒரு மழைக்காலக் காலையில் இப்படித்தான் வெள்ளை நுரை ஒட்டியிருந்தது.

"துணி தொவச்சிட்டு சோப்பு நுரைய அப்டியே உட்டுட்டுப் போறியே!" என்று பக்கத்து வீட்டு மேரி அக்காமேல் அம்மா பாய்ந்தாள், மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்தபோதுதான், அது மரத்தவளை தன் பின்னங்காலால் கடைந்து கட்டிய முட்டைக்கூடு என்று தெரிந்தது.

அவற்றுக்குக் கால் முளைத்து வெளியேறும்வரை தொட்டியைக் கழுவ அம்மா யாரையும் விடவில்லை. அதுவரை அடிபம்பில் எங்கள் குடத்தையும் சேர்த்து நிரப்பிய மேரி அக்கா, தினமும் கேட்பாள்: "இன்னாக்கா, சோப்பு நல்லா நீந்திக்கினு கீதா?"