அந்தப் பதிலை டைப் செய்தது நான்தான்

செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் உள்ளங்காலில் ஏறுமே, அந்த ஏசிக் குளிர்... பாளையங்கோட்டை வெயிலில் வெந்து வருகிறவர்களுக்கு அதுவே பாதி சுகம். முருகன்குறிச்சியில் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு.

எட்டு கம்ப்யூட்டர், எட்டு பிளைவுட் தடுப்பு, எழுத்து அழிந்துபோன கீபோர்டுகள். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஊர்க்கதை முழுவதும் பேசி முடித்துவிடலாம்.

முக்கால்வாசிப் பேருக்கு இமெயில் ஐடியே நாங்கள்தான் திறந்து கொடுப்போம். பாஸ்வேர்டும் நாங்களே போட்டு, ஒரு நீள நோட்டில் பெயரோடு எழுதிவைப்போம். ஓனர் அண்ணாச்சியின் உத்தரவு அது.

"மறந்துட்டேன்னு வந்து நிப்பாவ லே. நாமதான் பத்திரமா வச்சிருக்கணும்" என்பார்.

அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. சொல்லப்போனால் அந்த நோட்டினால்தான் எங்கள் கடைக்கு நல்ல பெயர்.

சனிக்கிழமைதோறும் ஒரு பெண் வருவாள். இன்ஜினியரிங் கடைசி வருஷம். பெயர் இங்கே வேண்டாம். சென்னைக் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூவில் தேறிவிட்டு, வேலைக்கான ஆர்டர் மெயிலில் வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். பல வாரம் வெறும் இன்பாக்ஸைப் பார்த்துவிட்டுப் போவாள். ஒரு சனிக்கிழமை வந்தேவிட்டது. பத்து நாளைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று போட்டிருந்தது. "வீட்ல சொல்லிட்டு அடுத்த வாரம் வந்து பதில் போடுதேண்ணே" என்று பிரிண்ட் எடுத்துக்கொண்டு படியில் இரண்டிரண்டாக இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை அவள் அப்பா வந்தார். ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், என் அப்பாவுக்கும் தெரிந்தவர். வேர்வையில் நனைந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"தம்பி, பிள்ளைக்கு மெட்ராஸ்ல இருந்து ஏதோ வேலை லெட்டர் வந்திருக்குல்லா? மாப்பிள்ளை வீட்ல பேச்சு நடக்கு. இந்த நேரத்துல அனுப்ப முடியாது. வரலன்னு மரியாதையா ஒரு பதில் எழுதிருப்பா."

நான் யோசித்தேன், தயங்கினேன் என்று சொன்னால் பொய். நோட்டைப் புரட்டினேன். பாஸ்வேர்டைப் போட்டேன். அவள் எழுதுவது போலவே, சொந்தக் காரணங்களால் வேலையில் சேர இயலவில்லை, வாய்ப்புக்கு நன்றி என்று இங்கிலீஷில் நாலு வரி. வாசித்துக் காட்டினேன்.

"உனக்கு நல்ல இங்கிலீஷ் வருதுப்பா" என்று தோளில் தட்டினார். அன்று எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது.

சனிக்கிழமை அவள் வந்தாள். சம்மதம் சொல்லப் பெட்டியைத் திறந்தவள், அனுப்பிய மெயில்களில் அந்த நாலு வரியைப் பார்த்துவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இத நான் அனுப்பலையேண்ணே. அப்பா வந்தாங்களா?"

"ஆமா."

"அப்பாவுக்கு டைப் பண்ணத் தெரியாதே."

என் கண் மேஜைமேல் இருந்த நோட்டுக்குப் போனது. புரிந்துகொண்டாள்.

"இத திரும்ப எடுக்க முடியுமா?"

"முடியாதும்மா."

அழவில்லை, ஏசவும் இல்லை. அந்த மெயிலை மறந்துவிடுங்கள், எனக்கு வேலை வேண்டும் என்று தானே இன்னொரு மெயில் எழுதினாள். மூன்று நாள் வந்து பார்த்தாள். நாலாம் நாள் பதில் வந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்தாகிவிட்டதாம்.

அன்று கிளம்பும் முன் கேட்டாள். "பாஸ்வேர்ட எப்படிண்ணே மாத்தணும்?"

காட்டிக்கொடுத்தேன். புதிதாக அடிக்க வேண்டிய கட்டம் வந்ததும், பைய சொன்னாள்: "கொஞ்சம் அங்கன திரும்பிக்கோங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அதற்குப் பிறகு அவள் கடைக்கு வரவில்லை.

இப்போது நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் இதே பேச்சுதான். புதுச் சட்டம், தனியுரிமை, எந்த ஆப் எதை உறிஞ்சுகிறது, நம் போட்டோவை வைத்து ஏஐ என்ன செய்யப்போகிறது... படித்துப் படித்து அலுத்துவிட்டது. நேற்று ஒரு நண்பர் நேராகவே கேட்டுவிட்டார்.

"என்னவே, நம்ம டேட்டாவ எல்லாம் விக்கானுவோன்னு ஊரே பேசுது. நீரு இந்தத் தொழில்லயே இருக்கீரு, வாயத் தொறக்க மாட்டேங்கீரு?"

கம்பெனிக்காரன் எடுக்கிறான் என்கிறீர்கள், எடுக்கிறான்தான். அந்தப் பெண்ணிடம் எடுத்தது அவளைப் பெற்றவரும் நானும்.

இன்று நானே ஒரு ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். யாருடைய பாஸ்வேர்டையும் எழுதிவைப்பதில்லை. "நீங்களே அடிங்க" என்று கீபோர்டைத் தள்ளினால் சண்டைக்கு வருகிறார்கள். போன வாரம் நாங்குநேரியில் இருந்து வந்த ஒருவர் போனையே என் கையில் திணித்தார்.

"ஓடிபி வரும், நீயே பாத்துப் போட்டுக்கோ தம்பி. பஸ்ஸுக்கு நேரமாவுது. உன்ன நம்பாம யார நம்ப?"

அன்றும் இப்படித்தான் நம்பிக் கொடுத்தார்கள். எத்தனை பேருக்கு, எத்தனை தடவை விளக்குவது... சில நாள் எனக்கே வாய் ஓய்ந்துவிடுகிறது. நான் மாட்டேன் என்றால் அடுத்த கடையில் செய்துகொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லை. கூகுளில் அவள் பெயரையும் காலேஜையும் அடித்துவிட்டேன். என்டரைத் தட்டினால் போதும். எங்கே இருக்கிறாள், வேலைக்குப் போனாளா, எல்லாம் வந்து விழுந்துவிடும். மன்னிப்புக் கேட்கத்தானே என்று மனசு சமாதானம் சொன்னது.

அவளைக் கேட்காமல் ஒரு தடவை உள்ளே போனது போதும். அடித்ததை எழுத்து எழுத்தாக அழித்தேன். அவள் நன்றாக இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.