பானையின் தோளில் ஒரு துளை

சூளைக்குள் பானை வெடித்தபோது நான் கிணற்று மோட்டார் கொட்டாய்க்கு வெளியே நின்று மகளுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். குவாரியில் பாறைக்கு வைக்கும் வெடி எங்களுக்குப் பழகியதுதான். ஆனால் அது தொலைவில் கேட்கும். இது செங்கல் சுவருக்குள்ளிருந்து வந்து என் அடிவயிற்றில் இடித்தது. மேல்வரிசைச் செங்கல் ஒன்று நகர்ந்து விழுந்தது. சற்று முன்புவரை அந்த இடத்தில்தான் அவள் குனிந்து தீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பிக்காக என் பக்கம் திரும்பியதால் தப்பித்தாள். மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் குக்கர் விசில் அடித்தால் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுகிறேன்.

மகள் வடக்கே ஒரு நுண்கலைக் கல்லூரியில் பீங்கான், சுடுமண் கலையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். "மண்ணு பெசையறதுக்கு எம்.ஏ.வா?" என்று உறவினர்கள் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கவலைப்படுவேன். படிப்பின் கடைசிக் கட்டத்தில் என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரயிலேறி மொரப்பூரில் வந்து இறங்கியவள், திரும்பிப் போகும் பேச்சையே எடுக்கவில்லை. நான் வற்புறுத்தி அவளுடைய ஆசிரியையிடம் பேச வைத்தேன். இறுதிப் படைப்பை வீட்டிலேயே செய்து கொண்டுவரலாம் என்றார்கள். கொண்டுபோகாவிட்டால் பட்டம் இல்லை. "இது நடக்கலன்னா நான் மறுபடி போக மாட்டேன்மா" என்று அவள் முன்பே சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்கிறவள்.

கொட்டாயருகே செங்கல் அடுக்கிச் சிறிய கேஸ் சூளை கட்டினாள். அவள் செய்தவை வாய் இல்லாத பெரிய பானைகள். எல்லாப் பக்கமும் மூடி, பூசணிக்காய்போல் உப்பியவை. ஒவ்வொன்றின் தோளிலும் விரல் நுழையுமளவு ஒரு துளை மட்டும் இருக்கும். உள்ளே அடைபட்ட ஈரமும் காற்றும் சூட்டில் வெளியேற அது வழி என்று எனக்கு விளக்கியிருந்தாள். அவை வீட்டு நடையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

தன் தம்பியான என் கணவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த என் நாத்தனாருக்கு அந்த விளக்கத்தை யாரும் சொல்லவில்லை. எந்நேரமும் ஏதாவது வேலை செய்துகொண்டே இருப்பவர் அவர். அடுப்பு மெழுகிப் பழகிய கை. பானைகளைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காரணத்தை நான் கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அப்போது யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மாத்திரை, கஞ்சி, ரத்த அழுத்தம் தவிர வேறு பேச்சே இல்லை.

சூளை வைத்த அன்று தூறல் போட்டது. தார்ப்பாய் போர்த்திய பானைகளை நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போய் அவசரமாக அடுக்கினோம். அவற்றைத் திருப்பிப் பார்க்க நேரமில்லை.

சூடு ஆறியபின் பிரித்தால், உள்ளே ஒன்றுகூட முழுதாக இல்லை. மகள் அங்கேயே உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கினாள். தோள் பகுதி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். துளை இருந்த இடம் வழவழவென்று அடைபட்டிருந்தது. மேலே யாரோ விரலால் நீவிய தடம். அவள் வாளியில் இருந்த மண்ணைக் கொண்டே அடைத்திருந்தார்கள்.

"நான்தான் அடைச்சன்" என்றார் பின்னால் நின்ற நாத்தனார். மறைக்கவே இல்லை. "என்னத்துக்குடா சாமி இந்தப் படிப்பு? ஓட்டக் கொடத்த யாராச்சும் வூட்டுக்குள்ள வெப்பாங்களா? பொணத்தச் சுத்தி வரையில தூக்கறது அது. என் தம்பி நெஞ்சுல தையலோட படுத்துக் கெடக்கறான். நீ வரிசையா அடுக்கி வெக்கற!"

மகள் கத்துவாள் என்று நினைத்தேன். "தெரியும் அத்தை" என்றாள். "காத்து போறதுக்குன்னா அடியில போட்டாலே போதும். தெரிஞ்சுதான் தோள்ல போட்டேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து நான் அத மட்டுந்தான் நெனச்சிட்டிருந்தேன். நீங்களும் நெனச்சீங்க, அம்மாவும் நெனச்சாங்க. யாராச்சும் வாயத் தொறந்தோமா?"

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மெதுவாக நடந்து வந்து சேர்ந்திருந்த என் கணவர் அப்போதுதான் பேசினார்.

"ஏக்கா, என்னைப் பொழைக்க வெச்சதே நெஞ்சப் பொளந்துதான். இம்மாத்துண்டு ஓட்டைக்கு என்னா பயம்? இல்லாதங்காட்டிதானே வெடிச்சிருக்குது. நீ போடு கண்ணு."

"நல்ல வாய் போ உனக்கு" என்று அவரை வைதபடியே நாத்தனார் அழுதார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண் வாளியின் முன் உட்கார்ந்தார். புதிதாகச் செய்த பானைகளுக்கு மண் பிசைந்தது முழுக்க அவர்தான். துளை போடும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

மகள் அவற்றை வைக்கோலில் பொதிந்து ரயிலேற்றிக்கொண்டு போனாள். தேர்வு முடிந்து போன் செய்தாள். அந்தத் துளை எதற்கென்று தேர்வாளர் கேட்டாராம். "அப்பா சொன்னதத்தான்மா சொன்னேன். பட்டம் உண்டுன்னுட்டாங்க" என்றாள். நாத்தனார் போனைப் பிடுங்கி, ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்று விசாரித்துக்கொண்டே வாசலுக்குப் போனார்.

நான் கணவரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இத்தனை மாதங்களாக நாக்கு நுனியில் நின்றதை அன்றுதான் கேட்டேன்.

"ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனப்ப பயமா இருந்துச்சாங்க?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ரொம்ப" என்றார்.